எட்டாம் பாகத்தில் ஒரு கலம்

நான்காம் பாகம், இருநூற்றுப் பதினோராம் பக்கம்:
யூட்லாந்துக் கரைக்கு அப்பால், நவம்பரில்,
தோய்வோ மூழ்கியது.
இரட்டைப் பாய்மரம். தார்ப் பீப்பாய் அறுநூறு.
ஆட்கள் ஒன்பது பேர், எவரும் மிஞ்சவில்லை.
என் நீலக் குறிப்பேட்டில்
'கதி' என்ற கட்டத்தில் நானே எழுதியிருக்கிறேன்,
சிவப்பு மையில், அடிக்கோடிட்டு.

இல்ப்போ எழுதுவார். நான் பிழை திருத்துவேன்.
ராஹேயில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
இரண்டு தெரு, ஒரு தபால்பெட்டி, பனி.
அவருக்குக் காற்று தெரியும், கணக்குத் தெரியாது.
ஒரே மாதத்தில் மூன்று பௌர்ணமி வைத்தவர்.
எதிர்காற்றில் பாய் விரித்து
ஒரே இரவில் லூபெக் போய்ச் சேர்ந்தவர்.
ஒரு மாலுமியின் மரக்காலை
வலமிருந்து இடத்துக்கு மாற்றியவர்,
இரண்டு அத்தியாயத்துக்குள்.
எல்லாவற்றையும் பிடித்தேன்.
பருமலில் ஏறிய பையன் இறங்க மறந்தபோது
இறக்கிவிட்டது நான்தான்.

எட்டாம் பாகத்தின் தட்டச்சுப்படி மார்ச்சில் வந்தது.
முப்பத்தேழாம் பக்கத்தில் மூடுபனி.
காற்று செத்துவிட்டது. பாய்கள் ஈரத்துணியாய்த் தொங்குகின்றன.
நாயகனின் கப்பல் மணியடித்தபடி ஊர்ந்துகொண்டிருக்க,
ஒரு வாக்கியம், ஒன்றே ஒன்று:
இடப்பக்கம் தோய்வோ கடந்து போனது,
சமையல்காரன் எவெர்த்தி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

பென்சிலை எடுத்தேன்.
வைத்தேன்.

எவெர்த்தி எனக்குத் தெரிந்தவன்.
இரண்டாம் பாகத்தில் உப்புமீன் திருடியவன்.
மூன்றில், ஆங்கிலேயர் வந்து
துறைமுகத்துக் கலங்களைக் கொளுத்திய கோடையில்
தார் எரியும் புகையை அண்ணாந்து பார்த்து
"இன்றைக்கு அடுப்பு வேண்டாம்" என்றவன்.
நான்கில், தண்ணீர் இடுப்பளவு ஏறியபோதும்
சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவன்.
அந்தப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

தொலைபேசியில் சொன்னேன்: அது மூழ்கிவிட்டதே.
மறுமுனையில் அடுப்பு விறகு வெடிக்கும் ஓசை.
"மூழ்கிவிட்டதா?" என்றார் இல்ப்போ,
அடுத்த ஊரில் யாரோ காலமான சேதி கேட்டவர்போல.
"சரி, வேறு பெயர் போட்டுவிடு."

வேறு பெயர்.
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
லெம்பி இருக்கிறது, கரை தட்டியது.
அவுரா இருக்கிறது, கடனுக்குப் போனது.
கப்பல்காரர்களின் மனைவி, மகள், மாமியார்
எல்லோர் பெயரும் ஏற்கெனவே தண்ணீரில்.
மாற்றினாலும், அந்த
வாளிமேல் உட்கார்ந்திருப்பவனை என்ன செய்ய?
கையில் பாதி சீவிய கிழங்கு.

இருபது வருடத்தில் ஒரு சொல் கூட்டியதில்லை.
கழிப்பதுதான் என் தொழில்.
அன்று இரவு துறைமுகத்தில்
பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம்,
மாடியில் யாரோ மேசையை நகர்த்துவதுபோல.
'தோய்வோ'வை அடித்து 'ஒரு கலம்' என்றேன்.
'எவெர்த்தி'யை அடித்தேன். சமையல்காரனை விட்டேன்.
பிறகு ஓரத்தில், சின்ன எழுத்தில், என் வாக்கியம்:
பனிக்கட்டி உரசியதில் அணியத்தில் பெயர் அழிந்திருந்தது;
கடைசி 'வோ' மட்டும் வெள்ளையாக நின்றது.

புத்தகம் வந்தது. இல்ப்போ கவனிக்கவில்லை.
கடிதங்கள் வந்தன, வழக்கம்போல.
ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர்: ஐந்தாம் அத்தியாயத்தில்
ஆலாத்தை இடமாகச் சுற்றியது தவறு. படம் வரைந்திருந்தார்.
வாசாவிலிருந்து ஒரு பல் மருத்துவர், பீப்பாய் விலை பற்றி
நான்கு பக்கம்.
கொக்கொலாவிலிருந்து ஓர் அட்டை, கையெழுத்து இல்லை,
முகவரி மட்டும். ஒரே வரி:
முப்பத்தேழாம் பக்கத்தில் அந்தக் கிழங்கு எத்தனை பேருக்கு?

நீலக் குறிப்பேட்டைத் திறக்கவில்லை.
'ஒன்பது' என்று எழுதி
தபால்தலை ஒட்டினேன்.