பார்

புதுப்பேட்டையில் இதற்குப் பெயர் பார்.
"பார் இருக்கா?" என்று வருவார்கள்.
பார்க்கிறேன் என்பேன்.
இருபத்திரண்டு வருடமாக இதே சிலேடை,
ஒருவரும் சிரித்ததில்லை.

நேற்று ஏலச் சாக்கிலிருந்து ஒன்று வந்தது
கூவம் வாடையோடு.
இருபது அங்குலம்.
முனையில் பல்சக்கரம் இல்லை, கெட்டி மூக்கு.
அப்படியானால் என்னைவிட மூத்ததாக இருக்கலாம்.

மரம் அறுக்கிற ரம்பத்துக்கு முகம் வாலில்.
போல்ட் நுழையும் நீளத் துளை,
சங்கிலியை இறுக்கும் ஆணிக்கு இரண்டு கண்,
எண்ணெய்க்கு ஒரு பொட்டு.
பொட்டு எங்கே சரிந்திருக்கிறது என்பதில்
கம்பெனியின் சாடை.

கெரசின் துணியால் துடைத்தேன். மஞ்சள் பெயின்ட்.
சுரண்டினால் சிவப்பு.
சிவப்புக்கடியில் இன்னொரு மஞ்சள், பழைய மஞ்சள்.
சாக்பீஸைத் தேய்த்து டார்ச்சைப் படுக்கவைத்ததும்
பள்ளத்திலிருந்து எழுத்துகள் எழுந்தன:
ஹார்ல்பெக்.
கடைசி எழுத்து ரிவெட்டுக்கடியில்.

ஹார்ல்பெக்கை ஒரு புல்வெட்டி மெஷின்காரன் வாங்கினான்,
அவனை ஒரு படகு இஞ்சின்காரன் விழுங்கினான்.
அச்சு மட்டும் அதே அச்சு.
போர்டு மாற்றக் காசிருந்தவர்களுக்கு
அச்சு மாற்றக் காசில்லை.

"கதை இருக்கட்டும்ணே,
என் மெஷின்ல உக்காருமா?" என்றான்
அயனாவரம் தேசப்பன்.
ஓட்டேரியில் டிரான்ஸ்பார்மர் மேல் வேப்பமரம்;
வார்டு ஆபீசிலிருந்து நாலாவது போன்.

உட்காராது. துளை ஒன்றரை மில்லி கம்மி.

பள்ளத்தை ஹேக்சா பிளேடால் நோண்டினேன்.
எண்ணெயும் தூளும் இறுகிய கறுப்புப் பிசினுக்குள்
வெளிறிய ஒரு நார்.
தேசப்பன் மோந்து பார்த்தான்.
"தூங்குமூஞ்சி," என்றான், யோசிக்கவேயில்லை.
"வர்தா புயல்ல விழுந்ததா இருக்கும்."
எந்தத் தெரு என்றேன்.
"அது மோந்தா தெரியாதுண்ணே."

வைஸில் கவ்வி, உருட்டு அரத்தை எடுத்தேன்.
ஒவ்வொரு இழுப்புக்கும்
எழுத்திலிருந்து சாக்பீஸ் உதிர்ந்தது.
பழைய பொட்டு அவன் மெஷினுக்கு எட்டவில்லை,
பக்கத்தில் புதிதாக ஒன்று துளைத்தேன்.

இனி இந்த வால் எந்தக் கம்பெனியோடும் ஒத்துப்போகாது.
முப்பது வருடம் கழித்து எவனோ
இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
இரண்டு பொட்டு வைத்தவன் எவனடா என்று
தலையைச் சொறிவான்.

பாவமாக இருந்தது.
ஊர்ப் பெயரையாவது அடித்துவிடலாமென்று
எழுத்துப் பஞ்ச் டப்பாவைத் திறந்தேன்.
தமிழ் கிடையாது.
இங்கிலீஷிலும் முதல் எழுத்தான பி
மூக்குடைந்து கிடந்தது.

எழுநூறு கேட்டேன்.
அறுநூறு தந்துவிட்டு
ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவில் ஏறினான்.