ஐந்தொகை

எஸ்டீமின் டேஷ்போர்டை நேற்றே பிடுங்கியாயிற்று.
அந்த இடத்தில் இப்போது ஓர் அலுமினியத் தகடு,
அதில் ஐந்து வட்ட ஓட்டைகள்.
நான் அறுத்தவை.
மூன்றாவது மட்டும் அரை மில்லி இறக்கம்.
உமையாள் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

புதுவயல் அரிசி மில்களில்
பேனல் போர்டு பார்த்தவன் நான்.
அங்கே மோட்டார் நின்ற இடத்தில் சுழலும்.
இதுவோ வயிற்றில் தீயோடு
ஓடிக்கொண்டே இருப்பது.
எங்கே சூடு, எங்கே அழுத்தம், எங்கே மூச்சிரைப்பு என்று
ஒவ்வொரு வயராய் உள்ளே விட்டு
விசாரிக்க வேண்டும்.

போன இன்ஜின் கோயம்புத்தூரில் போயிற்று.
ஏழாவது சுற்றில் எண்ணெய் வற்றி
பேரிங் கடித்துக்கொண்டது.
சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவள்.
அன்று ஹெல்மெட்டுக்குள் கேட்டது
தன் மூச்சு மட்டும்தான் என்றாள்.
டயருக்கு வைத்திருந்த பணத்தில்
வாங்கினாள் இந்த ஐந்து மானிகளை.
டயர் இன்னும் வழுக்கைதான்.

"எங்க வீட்ல ஐந்தொகை போடாம
ஒரு வருஷம் முடிஞ்சதில்ல, செபஸ்தி.
எனக்கு அது சுத்துக்கு ஒருதடவை வேணும்."

புகைக்குழாயில் துளையிட்டு
கழனிவாசல் மூக்கனிடம் வெல்டு வைத்தோம்:
பெட்ரோல் கூடுதலா காற்று கூடுதலா என்று
முகர்ந்து சொல்லும் சென்சாருக்கு.
தண்ணீர்ச் சூட்டுக்கு, நல்ல ஹோஸை நடுவில் வெட்டி
ஒரு துண்டுக் குழாய்.
எண்ணெய் அழுத்தத்துக்கு
பிளாக்கின் இடுக்கில் பித்தளை முடிச்சு.
கசியக் கூடாதே என்று
மரையில் வெள்ளை டேப் மூன்று சுற்று,
மனசு கேட்காமல் நான்காவது.

சிவப்பு சாவிக்கு, பச்சை முள்ளுக்கு,
கறுப்பு எர்த்துக்கு.
காருக்கு எர்த் என்றால் மண்ணில்லை.
செம்மண் எத்தனை அப்பினாலும்
அதன் இரும்பு உடம்புதான்
அதற்குப் பூமி.

விடிவதற்கு முன் ஓடுபாதைக்குப் போனோம்.
சண்டைக்காலத்து விமானங்கள் இறங்கிய தார்
இப்போது வெள்ளாடுகளுக்கு.
விரட்டிவிட்டு வந்து வாக்கி-டாக்கியைப் பிடித்தேன்.
மூன்றாம் கியர் போடும் சத்தம் கேட்டது.
பிறகு அவள் குரல்:
"எண்ணெய் பூஜ்யம்."
நிறுத்து என்றேன், நிறுத்து.
"சத்தம் சுத்தமா இருக்கே."
இருந்தாலும் நிறுத்தினாள்.

டிப் ஸ்டிக்கில் எண்ணெய் நிறைய இருந்தது.
இன்ஜினில் குற்றமில்லை.
படுத்துக்கொண்டு சென்சாரைக் கழற்றியபோது
கைக்கு வந்தது அந்த நான்காவது சுற்று.
ஒற்றை வயர் சென்சார் அது.
மரை இரும்பைத் தொட்டால்தான் அதற்குப் பூமி.
நான் அக்கறையாய் டேப் சுற்றி
அதை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தேன்.
அந்தரத்தில் தொங்குகிறவன்
வேறென்ன சொல்வான், பூஜ்யம் தவிர?

கத்தியால் சுரண்டினேன். வெறும் பித்தளை, வெறும் இரும்பு.
முள் எழுந்து நாலில் நின்றது.

மறுபடி ஓடினாள்.
பொய் சொன்ன பலகையை ஒரே நாளில்
இரண்டாம் முறை யார் நம்புவார்?
பாதையின் கடைசிக்கு இன்னும் பாதி இருக்கையில்
வண்டி தானாய் ஓரம் கட்டியது.
நான் வாயே திறக்கவில்லை.
ஓடிப் போய்ப் பார்த்தால்
பானட்டுக்கடியில் ஆவி.
வெப்பமானி நூற்றுப்பதினான்கு.
இந்தமுறை அது மெய்.

கசிந்தது எங்கே தெரியுமா?
சூட்டை அளக்க நான் வெட்டிய அதே ஹோஸில்.
கிளாம்பு ஒரு திருகு குறைவு.
நோயைக் கொடுத்ததும் அதுதான்,
நோயைச் சொன்னதும் அதுதான்.

ஹெல்மெட்டை மடியில் வைத்துச் சிரித்தாள்.
"இன்னைக்கு நஷ்டம் பூராவும்
உன் பேருல பத்து."

ஆறும்வரை கை வைக்க முடியாது.
பத்தியில் எழுதிக்கொள் என்றேன்.
ஆடுகள் திரும்பி வந்து
டயர் நிழலை மோந்தன.
சாவியை அணைக்காமல் உட்கார்ந்து
முள் இறங்குவதைப் பார்த்தோம்:
நூற்றிரண்டு, தொண்ணூற்றாறு,
தொண்ணூற்றொன்றில் கொஞ்சம் யோசித்தது.

"அந்த மூணாவது ஓட்டை," என்றேன்,
"அரை மில்லி இறக்கம்."

"தெரியும்," என்றாள்.