ஏலச் சூளை

இங்கே சுண்ணாம்புப் பாறை காலைக் கிழிக்கும்,
லாரிக்கு வழியில்லை.
அதனால்தான் மிச்சமிருக்கின்றன அவை.

ஹா ஸாங் மலையில் மழை விட்ட மறுநாள்
ரோந்துக்கு நாங்கள் இரண்டு பேர்:
வாங் மீ சின் என்கிற நான்,
நோங் கியெட் என்கிற அவன்.
முன்பு ஒரே துப்பாக்கியை
முறைவைத்துத் தூக்கியவர்கள்.

அந்தக் குரங்கின் கறி கசக்கும்.
எலும்பைக் காய்ச்சி விற்கத்தான் சுட்டோம்.
கடைசியாக விழுந்தது ஒரு பெண்.
செத்த பிறகும் அந்தத் தடித்த உதடு
வெளிறவில்லை, ரோஜா நிறம்.
கண்ணைச் சுற்றி நீலம்.
நான்தான் முகத்தைத் திருப்பிக் கிடத்தினேன்.

இப்போது ஏட்டில் எழுதுகிறோம்:
காலை ஆறு நாற்பது. பதினொன்று.
இன்னொன்று சந்தேகம், இலையாக இருக்கலாம்.

இலையையும் எண்ணிக்கோ என்றான் கியெட்.

பிறகு புகை.
சரிவுக்குக் கீழே, ஓடையோரம்,
கறுப்பு ஏலக்காய் காயும் சூளை.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும்;
பெருமரங்களை விட்டுவைப்பார்கள்.
நடுமரமும் கன்றும்தான் விறகாகும்,
மூன்று நாள், மூன்று இரவு.
தாவிப் போகும் உயிருக்கு
நடுமரம்தான் தெரு.

விறகடுக்கின் மேல் ஒரு சட்டை.
கைப்பட்டியில் சிவப்பும் நீலமுமாய்த் தையல்.
அந்தத் தையல் எனக்குத் தெரியும்.
சுங் தி மாய், என் கொழுந்தியாள்.
புருஷன் எல்லை தாண்டிக் கரும்பு வெட்டப் போனவன்,
இரண்டு வருஷமாய்ச் சேதியில்லை.
பள்ளி விடுதியில் பையன் தின்னும் சோறு
இந்தச் சூளையில்தான் வேகிறது.

கியெட் ஏட்டை நீட்டினான், பேனாவையும்.
முகம் கழுவ ஓடைக்குப் போனான்.
ஒரு முகத்துக்கு
அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

சூளை ஒன்று.
வெட்டிய மரம் முப்பத்துநான்கு.
பெயர் என்ற கட்டத்தில்
பேனா நின்ற இடத்தில் மை ஊறியது.

மேலே, விக்கல்போல ஒரு குரல்.
மார்பில் குட்டியோடு ஒருத்தி
கிளை முடியும் இடம்வரை வந்து
அடுத்த கிளை இருந்த இடத்தைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதின்மூன்று என்றான் கியெட்,
ஓடையிலிருந்து, திரும்பாமலே.

பெயரை எழுதினேன்.
எழுதி முடித்து, கருகத் தொடங்கியிருந்த காய்களைத்
திருப்பிப் போட்டேன்.