கம்பி நீட்டல்

ஊர்ப் பேரே கருங்கல்.
ஆனாலும் ஒரு லோடு கல்லுக்கு நான் பட்ட பாடு.
ஐந்தரை சென்ட். அஸ்திவாரம் எழும்பி
இரண்டு மழைக்காலம் நனைந்துவிட்டது.
(இங்கே வருடத்துக்கு இரண்டு; ஆக, ஒரு வருடம்.)
முன்பணம் வாங்கிய கொத்தனார் தாசையன்
திக்கணங்கோட்டில் யாருக்கோ கம்பி கட்டப் போய்
எங்களிடம் கம்பி நீட்டிவிட்டார்.

நாகர்கோவிலில் ஒரு ஏசி அறைக்குள்
சுவர் வைத்திருந்தார்கள்.
சுவர் மட்டும்.
நடுவில் தெர்மக்கோல், இரண்டு பக்கமும் கம்பிவலை,
மேலே சிமெண்ட்.
"தொண்ணூறே நாள், அக்கா. சாவி உங்க கையில.
தட்டிப் பாருங்க."
தட்டினேன்.
பழுத்த சக்கையின் சத்தம்.
"ஆணி அடிக்கலாமா?"
"அதுக்குன்னே தனி ஆணி இருக்கு."
"திருஇருதயப் படம். கண்ணாடிச் சட்டம். மூணு கிலோ வரும்."
பையன் டேப்பில் விரலை ஓட்டினான்.
மூன்று கிலோவுக்கும் ஓர் அட்டவணை இருந்தது.
பொய் சொல்லக் கூடாது,
எனக்கு அந்தச் சுவரைப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவில்
வேலையே சுவர் வார்ப்பதுதான்.
ஒரு ஷிப்டுக்கு இருபத்தாறு.
ராத்திரி வீடியோவில் யார்டைக் காட்டுவார்:
வீடில்லாத சுவர்கள் வரிசையாய்ச் சாய்ந்து நிற்கும்.
ஒரு சன்னல் ஓட்டைக்குள் அடுத்த சுவர்,
அதன் ஓட்டைக்குள் அதற்கடுத்தது,
கடைசியில் மணல்.
"குறை சொல்ல மாட்டேன், பிள்ளே.
நான் வார்த்தது ஒரு நூல் பிசகாது.
தாசையன் கட்டினா ஒரு விரல் பிசகும்."

போன மாதம், ஈரம் காயாத ஒன்றில்
ஆணியால் கீறி எங்கள் வீட்டை எனக்குக் காட்டினார்.
இது அடுக்களை. இது கிணற்றுப் பக்கத்து வாசல்.
கக்கூஸ் அங்கே வேண்டாம், உங்க அண்ணன் பேசுவான்.
சூப்பர்வைசர் பார்த்துவிட்டான்.
அரைநாள் சம்பளம் போயிற்று.
சுவரை யாரும் தள்ளிவைக்கவில்லை. லாரியேறி,
கிரேனில் தொங்கி,
பதினோராம் மாடியில் பூச்சுக்கு அடியில் இருக்கிறது.
யாரோ அதன்மேல் டிவி மாட்டியிருப்பார்கள்.
எங்கள் வீடு முதலில் எழும்பியது அங்கேதான்.

கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.
தொண்ணூறு நாள் வீட்டுக்கு
தொண்ணூறு நாளில் பணம் வேண்டும்.
அவர் அனுப்புவதில் சீட்டு போக,
ஜெஃப்லினுக்குப் பள்ளிக் கட்டணம் போக,
மாமாவுக்கு இன்சுலின் போக
மிஞ்சுவது ஆயிரம் செங்கல்.
இல்லையென்றால் கொஞ்சம் எம்சாண்ட்.
எங்கள் பணமே செங்கல் செங்கலாகத்தான் வருகிறது.
அது நிற்கிற மாதம் சுவரும் நிற்கும்,
இடுப்பளவில், வட்டி ஏறாமல்.
பாதிச் சுவரில் துணி காயப்போடலாம்.
பாதிப் பேனலை என்ன செய்ய?
கூரை வார்த்தாலும் நாலு மூலையிலும்
கம்பி நீட்டி விடலாம், மாடி பிறகு.

சொன்னேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
தன் கையை வேண்டாமென்றது போலிருந்திருக்கும்.
பின்னால் ஒரு ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப்பென்று
பின்வாங்கிக்கொண்டிருந்தது.
"தாசையன் நம்பர் இருக்கா?"

பதினாறு நாள் கழித்து வந்தார் தாசையன்,
நேற்றுத்தான் போனவர் மாதிரி,
வெற்றிலையோடு.
போனைச் செங்கல் அடுக்கில் சாய்த்து வைத்தேன்.
அஞ்சு வரி எழும்பியதும் ஷார்ஜா வாய் திறந்தது:
"அண்ணே, இடத்தே மூலை ஒரு நூல் வெளிய நிக்குது."
"அது உங்க கேமராக்க கோணல், தம்பி."
"தூக்குக்குண்டு போடுங்க."

போட்டார்.
மூன்று பேரும், ஒருவர் போனுக்குள்ளிருந்து,
குண்டு ஆடி நிற்கும்வரை பார்த்திருந்தோம்.

இரண்டு நூல்.