சனிக்கிழமை, மண்ணியல் துறை

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல்
பேராதனையில் ஓர் அறை எங்களுடையது.
சாவி காவலாளி சோமபாலவிடம்.
வாடகை, பாதி ரோஸ் பாண்.

பதவி ஒன்று.
விண்ணப்பித்தவர்கள், எங்களுக்குத் தெரிந்து, ஒன்பது பேர்.
அதில் மூவர் இங்கே உட்கார்ந்து
ஒருவரை ஒருவர் நேர்முகம் கண்டு பழகுகிறோம்.

"கத்தியைத் தீட்டி அவங்க கையிலயே குடுக்கிற,
உனக்கென்ன பைத்தியமா?"
கம்பளையிலிருந்து தங்கை கேட்டாள்.
அழைப்பு விட்டுவிட்டுக் கேட்டதால்
பதில் சொல்லாமல் தப்பினேன்.

இன்று தெரிவுக்குழுத் தலைவர் நான்.
ஃபஸ்மினாவின் அண்ணனுடைய கோட்டு. தோள் பெரிது.
"தலைவர் என்றால் கொஞ்சம் தொளதொளப்பாத்தான் இருக்கும்"
என்றான் ஜெபநேசன், வடம் செருகிக்கொண்டே.
நிலந்தி விண்ணப்பிக்கவில்லை.
இரண்டு வருடம் ஜப்பானில், பனிக்கு அடியில்
மண் எப்படி மூச்சு விடுகிறதென்று அளந்துவிட்டு வந்தவள்,
பிஸ்கட் பெட்டி அட்டையில் 5 என்றும் 1 என்றும் எழுதி
நேரம் காட்டுகிறாள்.

ஜெபநேசனிடம் நாற்பத்திரண்டு படங்கள்.
ஏழாவதிலேயே தெரிந்தது,
அவன் எங்களுக்குச் சொல்லவில்லை,
தன் ஆய்வேட்டுக்கு ஒப்புவிக்கிறான்.
கோட்டுக்குள்ளிருந்து குரலை மாற்றிச் சொன்னேன்:
"கலாநிதி அவர்களே, பின்வரிசையில்
முதலாமாண்டுப் பிள்ளையொன்று தூங்குகிறது.
எழுப்புங்கள்."

அவன் விழித்தான்.
ஹந்தானைப் பக்கம் இடி. மின்சாரம் போனது.
நாற்பத்திரண்டும் போயின.

நிலந்தி 5ஐத் தூக்கியபடியே இருந்தாள், இருட்டில்.

பிறகு அவன் மேசையில் கிடந்த பாணைப் பிய்த்தான்.
வெள்ளைப் பக்கம் மேலாக, சரித்துப் பிடித்து
என் பிளேன்டீயை எடுத்து ஊற்றினான்.
துகள் துகளாய்க் கரைந்து இறங்கியது.
"புல் செதுக்கின மலை" என்றான்.
திருப்பினான். முறுகிய தோல் மேலே.
தேநீர் தோலோடு வழுக்கி ஓடியது, ஒன்றையும் எடுக்காமல்.
"இது செதுக்காத மலை.
ரெண்டிலயும் பெய்தது ஒரே மழை."

யாரும் பேசவில்லை.
ஜன்னலில் மழை மட்டும் தொடர்ந்து பாடம் எடுத்தது.
சோமபாலவின் வாடகை மேசையில் ஊறிக் கிடந்தது.
எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது,
அது பசியல்ல.
அந்தத் தூங்கும் பிள்ளையை
நான் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

என் முறை.
கோட்டு ஃபஸ்மினாவுக்குப் போனது.
"கற்பித்தல் பற்றி உங்கள் கொள்கை?"
மூன்று வருடமாகத் தற்காலிகம் என்ற சொல்லுக்குக் கீழே
கையெழுத்திடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.
"அது முறைப்பாடு. மறுபடி."
எழுதி வைத்த பக்கத்தைச் சொன்னேன்.
"அது யாரோ எழுதினது. மறுபடி."
கோபம் வந்தது. அதையும் சொன்னேன்.
"மறுபடி."
அக்குறணைக்குக் கடைசி பஸ் அவளுக்கு ஆறரைக்கு.
ஆறு மணி தாண்டியும் அவள் எழவில்லை.

நான்காவது தடவை,
"எனக்கு எது புரியவில்லையோ
அதை வகுப்பில் முதலில் சொல்வேன்.
பிறகு எல்லாரும் சேர்ந்து தேடுவோம்" என்றேன்.
அவள் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.
"அன்றைக்கு இதை நீயே போடு."

பதினான்காம் திகதி. செனட் கட்டிடம்.
ஒன்றரை மணி நேரத் தாமதம்.
வரிசைக் கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் மூவர்.
ஃபஸ்மினா உள்ளே போய் வந்துவிட்டாள்,
முகத்தில் ஒன்றையும் எழுதாமல்.
ஜெபநேசன் என் காதருகே குனிந்தான்.
"பாணா, படமா?"

அவன் பையிலிருந்து வாசம் வந்துகொண்டிருந்தது.
படம் என்று ஒரு சொல்.
சொன்னால் நம்புவான்.

"பாண்" என்றேன்.

கதவு மூடியது.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு உள்ளே ஒரு கதிரை
மேசையை நோக்கி இழுபடும் சத்தம்.
இன்னொன்று.

அடுத்தது நான்.
கோட்டின் தோள் இன்னும் பெரிதாகவே இருந்தது.