மலருக்கு இரண்டு பக்கம்

நாற்பத்தைந்தாம் ஆண்டு மலருக்குக்
கழக வரலாறு இரண்டு பக்கம் வேணுமாம்.
செயலாளர் நான்தானே, எழுதுகிறேன்.
"பொற்காலம்" என்ற சொல் எங்காவது வரட்டும்
என்கிறார் தலைவர். தேடிப் பார்க்கிறேன்.

எமிலியானுஸ் கப்பலில் போனவர்.
ஹல் துறைமுகத்தில் இறங்கின மழைநாளொன்றில்
பதின்மூன்று பேர் பதின்மூன்று பேரைச்
சேற்றில் விழுத்துவதைக் கண்டு
சம்பளத்தில் ஒரு பந்து வாங்கினார்.
எழுபத்தொன்பதில் அது மணற்காட்டுக்கு வந்து சேர,
"ஏன் அண்ணை, வழியில நசிஞ்சு போச்சோ?"
என்று கேட்டான் சவிரி.
முதற்கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி இருக்கிறது.
பதில் இல்லை.

விதி சொல்ல ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது.
ஆறாம் தரம் விழுந்தால் பந்தைக் கொடுத்துவிடவேணும்.
கையால் பின்னுக்குத்தான் எறியலாம்,
ஆனால் முன்னுக்குப் போகவேணும்.
உதைபந்தாட்டக்காரர் சிரித்தார்கள்.
கரைவலை இழுக்கிறவர்கள் சிரிக்கவில்லை.
கடலுக்கு முகம் காட்டிப் பின்னுக்கு நடந்துதானே
அவர்கள் மீனைக் கரைக்குக் கொண்டுவருவது.

பதின்மூன்று பேர் வேணும், இருந்தது பதினொரு பேர்.
எதிரணிக்கு ஆளே இல்லை;
பருத்தித்துறை வரைக்கும் கேட்டுப் பார்த்தாயிற்று.
ஆகவே கலியாணம் கட்டினவர் ஒரு பக்கம்,
கட்டாதவர் ஒரு பக்கம்.
ஒவ்வொரு கலியாணமும் ஒரு கட்சித் தாவல்.
பத்திநாதன் பெண்பார்க்கப் போன கிழமை
கட்டாதவர் அவசரக் கூட்டம் வைத்திருக்கிறார்கள்,
முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு.

கணக்குப் புத்தகத்திலிருந்து:
பந்து தைக்க வலையூசி, நூல், இரண்டு ரூபா.
கோல்கம்பத்துக்குச் சவுக்கு நான்கு, இனாம்.
கிறகரியின் கீழ்ப்பல், ஆசுபத்திரிச் செலவு ஐந்து ரூபா,
பஸ் காசு தனி.

பிறகு கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள்.
வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்த ஆண்டுகளில்தான்
கிழமைக்கு ஆறு நாள் பயிற்சி நடந்திருக்கிறது.
தலைவரே, நீங்கள் கேட்ட பொற்காலம் இதுதான்:
வலை காய்ந்தது, உலை கொதிக்கவில்லை,
வரவுப் பதிவில் முதன்முறையாகப் பன்னிரண்டு பேர்.

ஊரைவிட்டு ஓடினபோது
பந்தின் காற்றை இறக்கி மடித்து
அரிசிப் பைக்குள் வைத்தவள் சவிரியின் மனைவி றெஜினா.
அரிசி முடிந்த அன்றுதான்
எங்களுக்கு அது தெரியவந்தது.

இரண்டாயிரத்து நான்கு, மார்கழிப் பக்கம்.
இருபத்தாறாம் திகதி, பின்னேரம் நாலு மணி,
கட்டினவர் எதிர் கட்டாதவர்.
அடுத்த குறிப்பு வைகாசியில்.
வரவு: எழுவர்.
வேறு விடயம் எதுவும் பேசப்படவில்லை.
அந்தப் பக்கத்தை அப்படியே அச்சிடலாம் என்பது
என் அபிப்பிராயம்.

கிறகரி பாரிசிலிருந்து பதின்மூன்று சேட் அனுப்பினான்.
எல்லாம் அவன் விட்டுப்போன ஆட்களின் அளவு.
போட அந்த ஆட்கள் இல்லை.
பெட்டிக்குள் ஏழு வருடம் கிடந்ததை
ஒருநாள் பெட்டையள் வந்து கேட்டார்கள்.
ஓரம் வெட்டித் தைத்ததும் அவர்கள்தான்.

போன சனிக்கிழமை, ஆள் காணாதென்று
என்னையும் இறக்கினார்கள்.
சவிரியின் கடைசி மகள் பிளசிடா
இடுப்பில் பிடித்து விழுத்தினாள்.
ஐம்பத்திரண்டு வயது,
வாய் நிறைய மணல்.
கை தந்து தூக்கிவிடுவாள் என்று பார்த்தேன்.
விதிப்படி எழும்பிப்
பின்னுக்குப் போய் நின்றாள்.

நேற்றுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன்.
பதினான்கு பெயர், எல்லாம் அவர்கள் கையெழுத்து.
இரண்டு தரம் எண்ணினேன்.
கழகம் தொடங்கி இதுதான் முதல் தடவை,
ஒருத்தியை வெளியில் இருக்கச் சொல்லவேணும்.
எமிலியானுஸ் சொல்லித்தந்ததில்
அதற்கு விதி இல்லை.
சனி நாலு மணிக்கு ஆட்டம்.
பேனையை மூடி வைத்திருக்கிறேன்.