பதினொன்று புள்ளி நான்கு

கிளைப்பேடா துறைமுகத்தில்
எண்பது டன் பளுதூக்கியின் உச்சிக் கூண்டில்
இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவர்
ரிம்காவுதாஸ்.
இப்போது அவரால் தூக்க முடியாத பளு
ஒன்றே ஒன்றுதான்:
தன் இடது கை.

காலை ஆறுக்கு நியோலே வருவாள்.
ஊசி, பஞ்சு, மஞ்சள் மூடிக் குழாய்.
நல்ல கையை நீட்டிவிட்டு
முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வார்.
மூடுபனிக்கு மேலே
பளுதூக்கிகளின் கழுத்து மட்டும் தெரியும்.

முதல் வாரம்
ஊசி இறங்கும்போதெல்லாம் எண்ணிச் சொல்வார்:
"இன்னிக்கு ஏழு கப்பல்."
"நாலு. ஒண்ணு கிரீஸ்காரன்."
மூன்றாம் வாரம் எண்ணுவதை விட்டுவிட்டார்.
அது எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை.
நடைப்பயிற்சிக்காரி மட்டும் எழுதினாள்:
ஒத்துழைப்புக் குறைவு.

கெனொவைத்தே தினமும்
பீட்ரூட் சூப் கொண்டுவந்தாள்,
இளஞ்சிவப்பாய், குளிரக் குளிர.
தினமும் மூடி திறக்காமல் திரும்பிப் போனது.
தாழ்வாரத்தில் நியோலேயின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு
"கோபம் அவருக்கு" என்றாள்.
"தூங்கறார்னு நெனச்சேன்.
ஆம்புலன்ஸைக் கூப்பிட
நாற்பது நிமிஷம் ஆயிடுச்சு.
அதுக்குத்தான் பேச மாட்டேங்கறார்."

குழாய்கள் போயின. தாள்கள் வந்தன.
பதினொன்று புள்ளி நான்கு.
ஐந்துக்குள் நிற்க வேண்டிய எண்.
நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்,
குதிகாலில் புண்ணைத் தேடினார்கள்.
கிருமி எங்கேயும் இல்லை.
எண் மட்டும் இருந்தது.

மருத்துவர் ஷாரூனே கட்டிலோரம் உட்கார்ந்தார்.
மூளையில் ஒரு மூலை செத்ததும்
உடம்பு முழுக்க அபாயமணி அடித்திருக்கும் என்றார்,
சிலருக்கு அது அடங்க நாளாகும் என்றார்.
அந்தச் சத்தத்தில் மனம் இருண்டுபோகலாம்.
போகும் என்று சொல்ல மாட்டேன்.
ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது
ஒரு ஆளைப் பார்த்தால் கலைந்துவிடுகிறது.

(அழல் என்றால் நெருப்பு.
அழல் என்றால் அழுவதும்தான்.
இது தமிழில்.
அந்த அறையில் யாருக்கும்
அந்த வசதி இல்லை.)

கெனொவைத்தே தாளை வாங்கினாள்.
எண்ணை விரலால் தடவினாள்.
"அப்போ என்மேல கோபம் இல்லையா?"
மருத்துவரைத்தான் கேட்டாள்.
இருபது நாளாக அடைத்திருந்த மூச்சு
பாதி வெளியே வந்தது.

வாய் ஒரு பக்கம் இழுக்க
அவர் அப்போதுதான் பேசினார்:
"கூண்டை எடுத்துக்கிட்டீங்க.
கையை எடுத்துக்கிட்டீங்க.
இப்போ இதுவும் ரத்தம்தான்னு சொல்றீங்க.
துக்கத்தையாவது
எனக்குன்னு விட்டு வைங்க."

யாரும் பதில் சொல்லவில்லை.
ஷாரூனே பேனாவை மூடினார், திறந்தார்.

மாத்திரை தொடங்கியது.
எண் ஒன்பதானது, ஆறானது,
ஒரு வாரம் காரணமில்லாமல் பத்துக்கு ஏறியது.
மனிதர் எண்ணோடு ஏறவும் இல்லை,
இறங்கவும் இல்லை.
ஆறு வந்த அன்றுதான்
சுவர் பக்கம் திரும்பிப் படுத்து
இரவு வரை கிடந்தார்.
நியோலேக்கு அந்தத் தாளைக்
கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது.
கோப்பில் செருகினாள்.

பிறகு ஒரு விடியல். ஊசி உள்ளே.
"அன்னிக்கு எவ்வளவு இருந்தது?"
ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.
"எது?"
"முதல் எண்."
"பதினொன்று புள்ளி நாலு."

கூண்டுக்குள் காற்றுமானி ஒன்று இருக்கும்.
இருபது தொட்டால் கொக்கியை ஏற்றிவிட்டு
ஆள் கீழே இறங்கிவிட வேண்டும்.
பதினொன்றில் பெட்டி ஆடும்,
கை நிதானமாக இருந்தால் போதும்.
இதையெல்லாம் அவர் அவளுக்குச் சொல்லவில்லை.
"பதினொண்ணா" என்றார்.
"அந்தக் காத்துல
வேலை பார்த்திருக்கேன்."

அவள் குழாயை மெல்லத் தலைகீழாக்கி நிமிர்த்தினாள்,
ஐந்து முறை, விதிப்படி.

மத்தியானம்
சூப்பின் மூடியை ஒற்றைக் கையால் நெம்பினார்.
குடிக்கவில்லை.
மூடி மேசைமேல் கிடந்தது.
கெனொவைத்தே அதை எடுத்து மூடாமல்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.